அன்னப்பிள்ளைக்குக் கைதட்டியவர்கள்

அன்னப்பிள்ளை எழுந்து வாயைத் திறந்ததும் சனம் முழுக்கக் கைதட்டத் தொடங்கியது.

அடம்பனுக்கு அப்பால், போருக்குப் பிறகு மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், தறப்பாள் கூரை போட்ட கொட்டகைக்குள் கூட்டம். மேடையில் பேசிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துக் கையசைத்தார்.

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் கீர்த்திகா மட்டும் சனத்தைக் கவனித்தாள். கைகள் தட்டின, ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. அன்னப்பிள்ளை களைத்துப்போய் உட்கார்ந்ததும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் நின்றன.

வெளிநாட்டுக்காரர் தொடர்ந்தார். கீர்த்திகா தமிழில் சொன்னாள்.

"எங்கட நாடு உலகம் முழுக்க ஜனநாயகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்குது. இப்ப உங்களிட்டையும் வந்திருக்கிறம். பயப்பிடாமல் பேசுங்கோ. உங்கட குரலை உலகம் கேக்கும்."

அன்னப்பிள்ளை திரும்பவும் எழுந்தார். "ஐயா, என்ர பிள்ளை..."

மறுபடியும் கைதட்டல், தறப்பாளில் மழை கொட்டுவதுபோல. அவருடைய உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லும் மேடைக்கு வரவில்லை. தட்டலைத் தொடக்கிவைத்தது முன்வரிசையில் இருந்த மாதர் சங்கத் தலைவி மங்கையற்கரசி. அதைக் கீர்த்திகா கண்டுவிட்டாள்.

பிறகும் எழுந்தார். பிறகும் தட்டினார்கள். கடைசியில் அன்னப்பிள்ளை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இவ்வளவு உற்சாகமான மக்களைத் தான் எங்கேயும் கண்டதில்லை என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு, வெளிநாட்டுக்காரர் வாகனத்தில் ஏறினார்.

கீர்த்திகா நேரே மங்கையற்கரசியிடம் போனாள்.

"அக்கா, அந்த அம்மாவை ஒரு வசனம் பேச விட்டீங்களோ? பிள்ளையைப் பற்றிச் சொல்ல எழும்பின மனுசி. உங்களுக்கு நெஞ்சே இல்லையோ?"

மங்கையற்கரசி கண்ணால் வேலிப்பக்கம் காட்டினார். அங்கே ஒருவர் நின்று, கலைந்து போகிற சனத்தை முகம் முகமாகப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் உங்கட ஆளோ, தங்கச்சி?"

"இல்லை. உங்கட ஊர்க்காரர் எண்டு நினைச்சன்."

"எங்கட ஊரில அவரை ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்."

கமரா இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

மங்கையற்கரசி குரலைத் தாழ்த்தினார்.

"போன கூட்டத்திலயும் பயப்பிடாமல் பேசச் சொன்னவை. அன்னப்பிள்ளையக்கா காணாமல் போன மூத்தவனைப் பற்றிப் பேசினவ. நாங்கள் எல்லாரும் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தனாங்கள். அண்டைக்குப் பின்னேரமே நம்பர் இல்லாத ஒரு வான் வந்து இளையவனை ஏத்திக்கொண்டு போட்டுது."

கீர்த்திகா அன்னப்பிள்ளை போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப அவ எங்களுக்கு முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. கதைக்காட்டிப் போகட்டும். வீட்டில மிச்சம் இருக்கிறது மகள் அபிசா ஒருத்திதான்."