நாற்பது மண்முட்டி

"அதை முன்னுக்கு வைக்காதை அருந்ததி! கழுத்து கொஞ்சம் கோணல். வாற மனிசன் முதல்ல அதைத்தான் பார்ப்பார்."

"கோணலோ? பர்வின் அக்கா, உங்கட கண்ணாடியை ஒருக்காத் துடையுங்கோ."

பர்வின் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். முட்டி நேராகத்தான் நின்றது. இருந்தாலும் தோற்க மனமில்லாமல் அதைப் பின்வரிசைக்கு நகர்த்தினாள்.

தண்ணீரூற்று ஊர்ச் சந்தியில் பர்வினின் மண்பாண்டக் கடைக்கு வயது இரண்டு. விற்பது அவள். ஒட்டுசுட்டானில் இருந்து வனைந்து கொண்டுவருவது அருந்ததி. சட்டி, பானை, தயிர்முட்டி எல்லாமே அவள் கைவேலை. வாங்கத்தான் ஆளில்லை. "சித்திரை வரைக்கும் பார்ப்பன். பிறகு இந்த இடத்தில போன் கடைதான்" என்று பர்வினின் கணவர் நவ்பர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் கண்ணாடி அலுமாரிக்கு அளவும் எடுத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் காலையில் ஓர் அழைப்பு வந்தது. கனகலிங்கம் என்று ஒருவர். "ஊரில ஒரு நிகழ்ச்சி. பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் வருவினம். நாற்பது முட்டி வேணும். இந்தமுறை நானே வந்து பார்த்துத்தான் எடுப்பன்."

"பெரிய ஆக்களுக்குத் தயிர் குடுக்கப் போயினம்" என்று பர்வின் தானாகவே முடிவு கட்டினாள். அதன்பிறகு இரண்டு பேருக்கும் கால் தரையில் படவில்லை.

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து முட்டிகளைத் தெரிவு செய்தார்கள். அருந்ததி ஒவ்வொன்றையும் விரலை மடக்கித் தட்டுவாள். 'கணீர்' என்றால் மேசைக்கு. 'பொத்' என்றால் மூலைக்கு. போன மாதம் சூளைக்குள் மழை புகுந்ததில் அரைவேக்காடாய்ப் போன இருபது முட்டிகள் மூலையில் சேர்ந்தன. பர்வின் மழைக்குப் போடும் படங்கை இழுத்து அவற்றை மூடினாள்.

"இதுகள் மட்டும் அந்த மனிசன்ர கண்ணில பட்டுதோ, எங்கட மானம் போச்சு."

நாலு மணிக்கு வாசலில் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து நின்றது. கனகலிங்கம் இறங்கினார். கதிரை போட்டும் உட்காரவில்லை. நேரே மேசைக்குப் போய் முதல் முட்டியைத் தட்டினார்.

கணீர்.

"அருமையான சத்தம்" என்றார். "வேண்டாம்."

அடுத்ததைத் தட்டினார். "அடேயப்பா, என்ன வேலைப்பாடு! வேண்டாம்."

பத்தாவது முட்டிக்கு வரும்போது அருந்ததிக்கு அழுகை வந்துவிட்டது. பர்வினுக்கோ கோபம்.

"ஐயா, நல்லதெண்டும் சொல்லுறியள், வேண்டாமெண்டும் சொல்லுறியள்! எங்கட முட்டியில என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லைத் தங்கச்சி" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் திரும்பினார். கால் படங்கில் இடறியது.

பொத்.

கனகலிங்கம் அப்படியே நின்றார். குனிந்தார். படங்கை விலக்கினார். ஒன்றைத் தட்டினார், பொத். இன்னொன்று, பொத். மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது.

"சோக்கான சாமான்! இதை ஏன் ஒளிச்சு வைச்சனீங்கள்? வேற ஆரும் சொல்லி வைச்சவையோ?"

பர்வின் வியாபாரிதான், ஆனாலும் பொய் வராது. "ஐயா, அதுகள் அரைவேக்காடு. தயிர் ஊத்தினா ஒழுகும். மெதுவாத் தட்டினாலே உடைஞ்சுபோம்."

"உண்மையாவோ?" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோசம். "அப்ப எல்லாத்தையும் ஏத்துங்கோ. பூப்போல ஏத்தோணும். இதே மாதிரி இன்னும் இருபது வேணும்."

"இதே மாதிரியோ?" அருந்ததி பதறினாள். "ஐயோ, வேணுமெண்டு இப்பிடிச் செய்ய எனக்குத் தெரியாது!"

"பழகுங்கோ பிள்ளை. இனி வருசா வருசம் உங்களிட்டத்தான் எடுப்பன். எங்கட பக்கத்துச் சங்கங்களுக்கும் சொல்லிவிடுறன்."

நவ்பரின் கண்ணாடி அலுமாரி பர்வினின் மனதுக்குள்ளேயே நொறுங்கி விழுந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கேட்டேவிட்டாள்.

"கோவிக்காதேங்கோ ஐயா. உடையிற முட்டியில உங்களுக்கு அப்பிடி என்ன ஆசை?"

கனகலிங்கம் தலையைச் சொறிந்தார்.

"புதுவருச விளையாட்டுப் போட்டியில முட்டி உடைக்கத்தான் தங்கச்சி. போன வருசம் எங்கட பெடியள் தெரியாத்தனமா உங்கட கடையில நல்லதாப் பார்த்து வாங்கிக் கயித்தில கட்டித் தொங்கவிட்டிட்டாங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பதினெட்டுப் பேர் மாறி மாறி அடிச்சும், கடைசியில அடிச்ச பொல்லுத்தான் முறிஞ்சது!"