உறக்ககால உமிழ்நீர்க் கசிவு

சும்மா படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்தவர், மூன்றாவது நிமிடத்தில் ஜொள்ளு விட ஆரம்பித்துவிட்டார்.

அந்த மெத்தைக் கடையிலேயே விலை கூடிய பன்னிரண்டு அங்குல மெத்தை அது. செருப்புக் காலோடு ஏறுபவர்களுக்காகக் கால்மாட்டில் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். வாய்க்கு யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

ஆலோசகர் குனிந்து பார்த்தார்.

சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் 'உறக்க ஆலோசகர்' என்று இருந்தது. போன வருஷம் வரை இதே மனிதர் தண்ணீர் மோட்டார் விற்றுக்கொண்டிருந்தார். எனவே கசிவு விஷயத்தில் அனுபவம் உண்டு.

"மேடம், இதைச் சாதாரணமா நினைச்சிடாதீங்க" என்றார், பக்கத்தில் நின்ற மனைவியிடம். "இதுக்குப் பேரு உறக்ககால உமிழ்நீர்க் கசிவு."

கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ஜொள்ளுன்னு சொல்லுங்க சார், புரியும்."

ஆலோசகர் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த மாதம் ஒரு பன்னிரண்டு அங்குலமாவது போகாவிட்டால் பேட்ஜைக் கழற்றிவைத்துவிட்டுத் தலையணைப் பிரிவுக்குப் போய்விடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மாதத்தில் மிச்சமிருந்தது இரண்டு நாள்.

விரல் மடக்கி ஆரம்பித்தார். மூக்கடைப்பாக இருக்கலாம். வயிற்று அமிலம் மேலே ஏறுவதாக இருக்கலாம். தொண்டைச் சதை, சொத்தைப் பல், ஏதாவது மாத்திரையின் பக்க விளைவு, நரம்புத் தளர்ச்சி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகக்கூட இருக்கலாம்.

ஏழு விரல் மடங்கியது. ஏழுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. அதன் மேல்தான் நோயாளி படுத்திருந்தார்.

மனைவி காது கொடுத்துக் கேட்டாள். எப்படிக் கேட்டாள்! தன் வீட்டில் ஆலோசகர் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை கொண்டுபோய் வருஷக்கணக்காகிறது. இங்கே ஒருத்தி, கண் சிவக்க, 'ம்' கொட்டிக் கேட்கிறாள்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், அடுத்த கேள்வி வந்தது. ஸ்பிரிங் நல்லதா, லேட்டக்ஸ் நல்லதா? மழைக்காலத்தில் ஈரம் கோக்குமா? எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும்?

கேள்விக்கு நடுவே அவள் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தாள். இடுப்பு பலவீனம் என்று ஆலோசகர் மனதில் குறித்துக்கொண்டார்.

அவளுடைய இடது தோளில் வெள்ளையாக ஏதோ திட்டு, காய்ந்து கிடந்தது. பெயிண்ட். வெள்ளையடிக்கிறார்கள் என்றால் புது வீடு. புது வீடு என்றால் இரண்டு படுக்கையறையாவது இருக்கும். ஒன்றல்ல, இரண்டு மெத்தை போகும்.

முதலாளியின் முகம் மனக்கண்ணில் மலர்ந்தது.

"சாரை எழுப்பி எப்படி இருக்குன்னு கேட்டுடலாமே" என்று கை நீட்டினார்.

அவள் பாய்ந்து குறுக்கே வந்தாள். "வேணாம், வேணாம்! நீங்க இன்னும் வாரண்டி பத்திச் சொல்லவே இல்லையே."

வாரண்டி பற்றிச் சொன்னார். பத்து வருஷ வாரண்டி; அவர் சொல்லி முடிப்பதற்குள் அதில் பாதி கழிந்திருக்கும் போலிருந்தது.

நாற்பது நிமிடம் ஆனதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கணவனின் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க. என் முறை."

அவன் மறுபேச்சில்லாமல் எழுந்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையணையை ஈரமில்லாத பக்கம் திருப்பிப் போட்டு, ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாய் மெல்லத் திறந்தது.

அவன் அவள் நின்ற இடத்தில் வந்து நின்றான். இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தான்.

அவனுடைய தோளிலும் ஒரு வெள்ளைத் திட்டு.

கண்ணாடி துடைத்த அம்மாள் துணியைக் கீழே வைத்தாள். "ரெட்டைப் புள்ளைங்களா தம்பி?"

"ஆமாக்கா. நாலு மாசம்." தூக்கம் தெளியாத முகத்தில் அசடு வழிந்தது. "ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்குது. இன்னிக்கு என் தங்கச்சி ரெண்டு மணி நேரம் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா. வீட்டுலயே படுத்தா அழுகைச் சத்தத்துல எழுந்து ஓடிடறோம்."

ஆலோசகர் அந்தத் திட்டை இன்னொரு முறை பார்த்தார். பெயிண்ட் இல்லை, கக்கின பால். புது வீடு அங்கேயே இடிந்து விழுந்தது. இரண்டு மெத்தையும் அதற்கடியில் போயின.

படுத்திருந்தவளைப் பார்த்தார். கடைவாயிலிருந்து பளபளவென்று ஒரு கோடு கிளம்பி, தலையணையை நோக்கி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. மடக்கிய ஏழு விரலில் ஒன்றையும் அந்த முகத்தின் மேல் வைக்க முடியவில்லை.

தலையணைப் பிரிவில் உட்கார ஒரு நாற்காலியாவது உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

அவன் தொண்டையைச் செருமினான். மனைவி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் கேட்டான். "சார்... ஸ்பிரிங் நல்லதா, லேட்டக்ஸ் நல்லதா?"

ஆலோசகர் விளம்பரம் கத்திக்கொண்டிருந்த டிவியிடம் போய் அதன் வாயை அடைத்தார். மெத்தைக்கு நேர் மேலே எரிந்த விளக்கை அணைத்தார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது பெரிய கதை சார். முதல்லேருந்து சொல்றேன்."