வண்டியில் ஏறாதவள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக் கடலோரச் சாலையில் மழை படுக்கைவாட்டில் அடிக்கிறது. தீவின் கரையைத் தனியாக நடந்தே சுற்றுவது, ஓரடிகூட வண்டியில் போவதில்லை என்பது மார்லினின் வைராக்கியம். இன்று நாற்பத்தோராவது நாள். முன்பின் தெரியாத ஹில்டா தன் வண்டியை அவள் நடைக்குச் சமமாக உருட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, ஹீட்டர் காற்றை அவள் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறாள். மார்லினின் முழங்கால்கள் அவளைக் கேட்காமலே ஏறிவிடப் பார்க்கின்றன.

“ஏற வேண்டாம் கண்ணு. கதவைக்கூடத் தொட வேண்டாம். இந்த டீயை மட்டும் வாங்கிக்க.”

டின்பால் போட்ட டீ. ஏற்கெனவே ஹில்டா தந்த மீன் வடைப் பொட்டலமும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் முதுகுப்பையில் கனக்கின்றன. பின்னால் ஆறு வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஊர்ந்து வருகின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எதிரே வந்த கிழவர் தன் வண்டியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தணிந்த குரலில் கேட்கிறார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“யாரும் தவறலை. இது சவ ஊர்வலம் இல்லை. இந்தப் பொண்ணு நடக்குது, அவ்வளவுதான்.”

கிழவர் சொட்டச் சொட்ட நனைந்த மார்லினை மேலும் கீழும் பார்க்கிறார்.

“சரி, எதுக்கும் நானும் வரேன்.”

வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்கிறார். தொப்பியை மட்டும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.