அழத் தெரியாத ராசா

நெஞ்சுல கத்தி இறங்குன பிறகும் வில்பிரட் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான். குத்துன ரோச்சுக்கு வந்துச்சே ஒரு கோவம்!

"ஏலே, கூட்டாளி கையால சாவுற ராசாலே நீ! கோட்டைக் கதவை எதிரிக்குத் தொறந்துவிட்டவன் நாந்தான்னு இப்பத்தான் ஒனக்குத் தெரியுது. நெஞ்சு வெடிக்க வேண்டாமா?"

"வரமாட்டேங்குதேலே. ஒன் மூஞ்சியப் பாத்தா சிரிப்புதான் வருது."

புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்குப் பாட்டன் காலத்துலயிருந்து போடுற நாடகம் அது. நாடகம் சொல்லிக்கொடுக்குற அண்ணாவியும் ரோச்தான், துரோகி மந்திரியும் அவன்தான். ஆள் வாட்டசாட்டமா, குரலும் கணீர்னு இருக்கேன்னு வில்பிரட்டை ராசாவாக்கிட்டு, ஒத்திகைக்கு ஒத்திகை தலையில அடிச்சுக்கிட்டான்.

வில்பிரட்டையும் குத்தம் சொல்ல முடியாது. பயலுக்கு மனசு பூரா மரியசெல்வி. அவ வீட்டுல பேசிப் பாக்கச் சொல்லி ரோச்சைத்தான் தூது அனுப்பியிருந்தான். திருவிழா முடியட்டும், பதில் சொல்லுதேன்னுட்டான் ரோச். இந்தக் கனவுல மெதக்குறவனுக்கு அழுகை எங்கயிருந்து வரும்?

திருவிழா அன்னைக்கு, கரண்டை நம்ப முடியாதுன்னு சாமியார் பொழுதோடயே நாடகத்தை ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. கடைசிக் காட்சிக்கு முன்னால, படுதாவுக்குப் பின்னால நின்ன வில்பிரட் காதுகிட்ட ரோச் வந்தான்.

"எனக்கும் மரியசெல்விக்கும் கல்யாணம் பேசி முடிச்சாச்சுலே. ஞாயித்துக்கிழமை பூசையில ஊரறிய எங்க கல்யாண ஓலை வாசிக்காவ."

சொல்லிட்டு விறுவிறுன்னு மேடைக்குப் போயிட்டான். ராசாவும் பின்னாலயே போனான்.

"நீயாலே? ஒன்னைய நம்பித்தானலே எல்லாத்தையும் ஒப்படைச்சேன்!"

நாடகத்துலயே இல்லாத வசனம். மந்திரி சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ராசா கதறுன கதறல்ல, புயலுக்கே அசராத ஆம்பளையெல்லாம் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைச்சான். கத்தி இறங்குனப்ப பொம்பளைங்க பக்கம் ஒரே அழுகை.

நாடகம் முடிஞ்சும் வில்பிரட் வேசத்தைக்கூடக் கலைக்காம இடிஞ்சு போயி உக்காந்திருந்தான். ராணி வேசம் போட்ட கிளாட்வின் விசயத்தைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான்.

"ஏ கூமுட்ட! போன வருசம் நாந்தான ராசா? எங்கம்மா கெணத்துல விழுந்துட்டாவன்னு சொல்லி என்னைய அழ வச்சான். பதறியடிச்சு வீட்டுக்கு ஓடுனா, அவிய பாட்டுக்கு மீன் அறுத்துக்கிட்டு இருக்காவ!"

வில்பிரட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. ஓடிப்போய் ரோச்சைக் கட்டிப்பிடிச்சான். "படுபாவி, கொன்னுட்டியேலே என்னைய!"

ரோச் ஒட்டுமீசையைப் பிய்க்கதுலயே குறியா இருந்தான்.

கோயில் வாசல்ல மரியசெல்வி நின்னா. இத்தனை நாளும் அவளைக் கண்டா நாக்கு ஒட்டிக்கிடும் வில்பிரட்டுக்கு. இன்னைக்குக் கிரீடத்தோடயே நேரா அவ முன்னால போய் நின்னுட்டான்.

"என்னைய அழ வைக்கதுக்கு இந்த ரோச் பய என்ன பொய் சொன்னான் தெரியுமா? ஒனக்கும் அவனுக்கும் கல்யாணமாம்!"

மரியசெல்வி சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"ஓலை வாசிக்கதுக்கு முந்தி ஒங்ககிட்ட சொல்லிரச் சொன்னதே நாந்தான்."