தெருவைப் பார்த்த சீல்

காருக்கு அடியிலிருந்து ஜானகிராமனின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களிடம்தான் தாட்சாயிணி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல நான் கோலம் போடறதுக்கு முன்னாடியே உங்க கார் எண்ணெய்க் கோலம் போட்டுடுதே, அது எப்ப நிக்கும்?"

"இன்ஜின்ல எண்ணெய் ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம், அந்த சீலைப் புதுசாப் போட்டாச்சு தாட்சா. இனிமே ஒரு சொட்டு ஒழுகாது."

"போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. இன்னொரு தடவை ஒழுகிச்சு, காரைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். பார்த்துக்குங்க."

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின. அவள் சொன்னால் செய்துவிடுவாள். திருமுல்லைவாயிலில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் கார். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப் அடிக்கிற மனிதரை நாலு பேர் 'கார்க்காரர்' என்று கூப்பிடுவது அதனால்தான்.

மறுநாள் காலை காரடியில் பழையபடி எண்ணெய்.

அதற்குள் வேம்புலியம்மாள் வந்துவிட்டாள். புருஷன் போனபிறகு ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் ஏற்றி ஆவடிக்கு ஓட்டுகிறவள். வண்டிக்குத்தான் ஒற்றை மாடு, அவள் வாய்க்கு நாலு மாடு பூட்டலாம்.

"இன்னாய்யா தொரை, ரோடு உங்கப்பன் ஊட்டு சொத்தா? எண்ணெயக் கொட்டி வெச்சிகீறே. என் மாடு வழுக்கி வுழுந்தா நீயா வந்து தூக்குவே?"

திட்டிக்கொண்டே காருக்கு அடியில் கையை விட்டாள். முந்தின நாள் அவளே வைத்துவிட்டுப் போன கொட்டாங்கச்சி பாதி நிறைந்திருந்தது. அதை எடுத்து வண்டி அச்சில் ஊற்றினாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"ஊரான் ஊட்டுக் குப்பைய அள்றதே என் பொழப்பாப் போச்சு!"

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

"பொங்கலுக்குப் பொடவை குடுத்தேன், 'நான் இன்னா பிச்சைக்காரியா'ன்னு திருப்பிக் குடுத்தா. இதை மட்டும் எடுத்துக்கறா பாருங்க!" என்று தாட்சாயிணி பல்லைக் கடித்தாள். "இருக்கட்டும். நான் தேவராஜைக் கூப்பிடறேன். அவனாலயும் ஆகலேன்னா கார் இரும்புக்கடைக்குத்தான்."

தேவராஜ் அவள் தம்பி. ஆவடியில் டாங்கி செய்யும் இடத்தில் வேலை. வந்தான், கழற்றினான், ரோட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, சீலோட உதடு எண்ணெய் இருக்கிற பக்கம் பார்க்கணும். நீங்க தெருவைப் பார்க்க வெச்சிருக்கீங்க!"

"கொஞ்சம் வேடிக்கை பார்க்கட்டுமேன்னு வெச்சேன், மச்சான்."

தேவராஜ் சரியாகத் திருப்பிப் போட்டான். அதோடு ஒழுகல் நின்றது. ஜானகிராமன் தினமும் காரைச் சுற்றிவந்து நெஞ்சை நிமிர்த்தினார். தாட்சாயிணி வாசலை அடைத்துத் தேர்க்கோலம் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில், தெருக்கோடியிலிருந்தே 'க்றீச்... க்றீச்...' என்று ஒரு சத்தம். வேம்புலியம்மாளின் வண்டி. மாடு வாயில் நுரை தள்ளியது. அவள் கீழே இறங்கி, சக்கரத்துக்குத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

குனிந்து காரடியில் பார்த்தாள். கொட்டாங்கச்சி காய்ந்து கிடந்தது. திட்டவில்லை.

"இன்னா தொரை... காரு நல்லாயிடுச்சா?"

"ஆமாம்மா. டப்பால எண்ணெய் இருக்கு, கொஞ்சம் தரட்டுமா?"

"நான் உங்கைல கேட்டனா? ரோட்ல கெடந்தா அள்ளிப் போடுவேன். கைல குடுத்தா வாங்கிக்கினு போற ஆளு நான் இல்ல."

வண்டி அழுதுகொண்டே போனது. ஜானகிராமனுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் என்ன செய்ய? கார் தப்பித்ததே பெரிய விஷயம்.

திரும்பினார். கோலமாவு ஒட்டிய கையில் ஸ்பானரோடு தாட்சாயிணி நின்றிருந்தாள்.

"படுங்க அடியில."

"எதுக்கு?"

"தேவராஜுக்குத் தெரிய வேணாம். அந்த சீலைப் பழையபடி தெருவைப் பார்க்கத் திருப்பிப் போடுங்க" என்றாள். "உங்க கைராசிக்கு, இந்தத் தடவை பார்த்துச் சரியாப் போட்டுத் தொலைச்சிடாதீங்க!"