அண்ணனுக்கு ஒரு சிவப்புப் பழம்

“என் தக்காளிச் செடியைக் கூட்டிட்டுப் போக எமன் மூணு தடவ வந்தான்! மூணாவது தடவ, ‘ஐயா, ஆளை விடுங்க’ன்னு செடிக்கே ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடிட்டான்!”

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அண்ணன் முழங்கியதில் வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “யோவ், தையல் பிரிஞ்சா நீதான்யா பொறுப்பு!”

ஆராய்ச்சிப் பண்ணையில் தக்காளி இனங்களைக் கலந்து கலந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அண்ணன். அவர் வளர்த்த காட்டுத் தக்காளியின் நாற்றத்தில் பாம்பே மயங்குமாம். தண்டில் ஒட்டிய ஈ, பேரன் பேத்தி எடுத்தாலும் அங்கிருந்து எழுந்திருக்காதாம். குடும்பத்தில் அவருக்குப் பெயரே புளுகுமூட்டை.

ஆனால் ஒன்று மட்டும் புளுகில்லை. தோட்டத் தக்காளியை வேரோடு சாய்க்கும் வாடல் நோய், அந்தக் காட்டுச் செடியைத் தொடுவதே இல்லை. இரண்டையும் கலக்க அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. வந்ததில் பெரும்பாலும் முளைக்காத பொக்கு விதை.

முளைத்தது ஒரே ஒரு வரிசைக்குத்தான் தேறியது. அதைத் தம்பியின் தோட்டத்தில் நட்டுவிட்டு வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மாடித் தொட்டியில் இருந்த காட்டுச் செடியும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கருகிப் போயிற்று.

டாக்டர் இப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துத்தான் பேசுகிறார். அண்ணனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சுற்றுவட்டாரமெல்லாம் வாடல் நோய் என்ற சேதி வார்டு வரைக்கும் வந்திருந்தது. தன் வரிசை நின்றதா, விழுந்ததா? அது தெரியாமல் போய்ச் சேர அவருக்கு மனமில்லை.

தம்பி வந்தான். வாசலிலேயே நர்ஸ் மறித்துக் கை கழுவச் சொன்னாள். சோப்பு நுரை மஞ்சளும் பச்சையுமாக வழிந்தது.

“என்ன சார், கையில பெயிண்டா?”

“தக்காளிச் செடியோட பசைம்மா. பச்சைச் செடியைத் தொட்டா ரெண்டு நாளைக்குப் போகாது.”

இன்று திங்கட்கிழமை என்று அண்ணன் சொன்னால்கூட காலண்டரைப் பார்க்கிற ஆள் தம்பி. “களைக்கும் தக்காளிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா, பொறக்கிறது களைதாண்ணே” என்று நட்ட அன்றே வாழ்த்தியவன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“வாடா, சந்தேகப் பிராணி! வாடல் வந்துச்சா?”

“வந்துச்சுண்ணே. என் செடி ஒண்ணு பாக்கியில்ல. மொத்தமும் போச்சு.”

“அடப்பாவமே... என்னோடது?”

தம்பி தரையைப் பார்த்தான். “நின்னுச்சு.”

“எத்தனை செடிடா?”

“அத்தனையும்.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தையலை மறந்து கைதட்டினார்.

“நான் தோத்துட்டேண்ணே. இந்தாங்க, உங்க செடியில பழுத்தது.” பையிலிருந்து எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தான். குங்குமமாய்ச் சிவந்த, மழமழவென்ற தக்காளி.

அண்ணன் அதை ஒரு தடவை உருட்டினார். முகத்தில் விளக்கு அணைந்தது.

“வாசல் கடையில வாங்கினியா?”

தம்பி காலிப் பையை மடியில் வைத்துச் சுருட்டினான்.

“சாகப்போறவனுக்கு மிட்டாயாடா? ஊருக்கே புளுகிறவன் நான், எங்கிட்டயே உன் புளுகா? எல்லாம் செத்துப்போச்சுன்னு நேரா சொன்னா என்ன?”

“சத்தியமா நின்னுச்சுண்ணே.”

“நின்னிருந்தா அந்தப் பழத்தைல்ல கொண்டு வந்திருப்பே? என் செடி இப்படிச் சிவக்காதுடா. அப்பன் காட்டுப்பய, அவன் குணம்தான் வரும். பழுத்தாலும் பச்சையாத்தான் தொங்கும். சிவப்பு வரணும்னா இன்னும் நாலு தலைமுறை தோட்டத் தக்காளியோட கலக்கணும். நான் சொல்லல?”

சொல்லவில்லை. எமனைச் சொன்னார், பாம்பைச் சொன்னார், ஈயைச் சொன்னார். தக்காளியோடு வாழ்ந்தவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

தம்பியின் முகம் வெளுத்தது. “பச்சையாவா? கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும். தொட்டா கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், அவ்வளவுதான்.” அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “போ. பொய் சொல்லியாவது அனுப்பி வைக்கலாம்னு வந்திருக்கே. போ.”

தம்பி போகவில்லை. ஸ்டூலை விட்டு இறங்கி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“சாகலண்ணே. பழுக்கவே மாட்டேங்குதுன்னு, நேத்து நான்தான் பிடுங்கி எரிச்சேன்.”