எலியின் இருதயம்

பெண் பார்க்க வந்த காளிராஜ் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எலியின் இருதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

தப்பு அவன்மேல் இல்லை. பெண்ணின் தாய்மாமன் சண்முகையாதான், காலேஜில் பாடம் எடுப்பதுபோக என்னமோ ஆராய்ச்சி என்றார்களே, அது என்ன என்று வாயைக் கிண்டிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளறையில் பெண்ணோடு பேசப் போயிருந்தாள். கூடத்தில் ஆண்கள் மூன்று பேர்தான். பையனைத் தடுக்க ஆளில்லை.

"ரத்தக்குழாய் அடைச்சா இருதயத்துல ஒரு பகுதி செத்துப்போவும் சார். அது திரும்ப வராது. ஆனா அந்த ஓரத்துல உயிரோட கெடக்க செல்லுக, தனக்குள்ள உடைஞ்சது, பழுதானது எல்லாத்தையும் சின்னச் சின்னப் பையில கட்டித் தானே தின்னு செரிச்சிருது. அதுல கிடைக்கத வச்சே பொழைக்கப் பாக்குது."

சண்முகையா வாய்க்குக் கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். தன்னைத் தானே தின்னும் சமாச்சாரமெல்லாம் நல்ல காரியம் பேசுகிற வீட்டில் வரவேண்டுமா என்று அவருக்கு இருந்தது.

பெண்ணின் அப்பா ஆறுமுகச்சாமியோ நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

சித்திரை மாதம் பருத்தி விஷயமாக மதுரைக்குப் போன மனுஷர், பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வியாபாரிகளோடு அப்படியே அறுபடை வீடும் போய்வருகிறேன் என்று படுக்கையிலிருந்தே வீட்டுக்கு ஒரு கார்டு போட்டார். வரும்போது மதுரையில் ஒரே கடையில் ஆறு பொட்டலம் விபூதி வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஊர்ப் பெயரை எழுதிக் கொண்டுவந்தார்.

எல்லாம் பேச்சித்தாய்க்காகத்தான். வளர்த்த கோழி செத்தாலே ரெண்டு நாள் சோறு தின்னாதவள், புருஷன் நெஞ்சுவலியைத் தாங்கவா போகிறாள்.

இங்கே சங்கரன்கோவிலில் டாக்டரிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மகள் செல்வமணி கல்யாணத்தைப் பார்க்க இருப்போமா, மாட்டோமா என்ற பயத்தை ரெண்டு மாதமாக அவர் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இப்போது கேட்பதற்கு ஒருவன் தானாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் காயம் ஆற எத்தனை நாளாகும் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

எலிக்கு மூன்று வாரத்தில் தழும்பு இறுகிவிடும் என்றான் காளிராஜ்.

கொஞ்சம் பெரிய எலியாக இருந்தால்?

கூடுதலாகும் என்றான். மிச்சமிருக்கும் செல்கள் அளவோடு தின்றால் நல்லது, அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னான்.

ஆறுமுகச்சாமிக்கு வியர்த்தது. அந்த எலி மாடிப்படி ஏறலாமா? கருவாடு தின்னலாமா?

சண்முகையாவுக்கு ஒரே பெருமை. அத்தான் எட்டாங்கிளாஸ்தான், ஆனாலும் படித்த மாப்பிள்ளையை என்னமாய்ச் சோதிக்கிறார் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

"இல்ல, ஆடித்தபசு வருதுல்லா," என்றார் ஆறுமுகச்சாமி. "அது கோயில நூத்தியெட்டு சுத்து சுத்தலாமா?"

காளிராஜ் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். வீட்டுக்குள் வந்ததிலிருந்து யாரையும் அவன் அப்படி நிதானமாகப் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்தான்.

"ஒரு சுத்து போதும் மாமா. மெதுவா," என்றான். அதுவரை சார் சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தணித்து, "அந்த எலி வீட்டுல உள்ளவங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது. அவ தாங்கமாட்டா."

பேச்சித்தாய் அடுக்களையிலிருந்து காபியோடு வந்தாள். பாங்க்கில் வேலை பார்க்கிற வரனுக்கு ஜாதகம் சரியில்லை என்று கழித்துவிட்டு, திருவேங்கடம் ஊர் வரைக்கும் ஆள்விட்டு இந்தப் பையனைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். காளிராஜ் கையில் டம்ளரைக் கொடுத்தாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும் மாப்பிள்ள. சேத்த அன்னைக்கே ஆஸ்பத்திரியில இருந்து தந்தி வந்துட்டு. ரெண்டு தடவ மதுரைக்குப் போயி, தூங்கையில பாத்துட்டு வந்துட்டேன். முழிச்சிருக்கையில போயி நின்னா அது தாங்காது."

ஆறுமுகச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வெட்கமாகவும் இருந்தது, ரெண்டு மாதத்தில் முதல்தடவையாக நிம்மதியாகவும் இருந்தது.

சண்முகையா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏக்கா, எலிக்கு எதுக்கு தந்தி அடிச்சாவ?"